படுத்த கயிறும் மட்டக் கயிறும்

கணிதத்தைப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று செயலமர்வு வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான், பிள்ளைகள் செய்து பார்த்த பிறகு, செய்ததை மறைக்கச் சொன்னார்கள். இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது. என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கொச்சிக்காய் டீச்சர், மிளகாய் மாதிரி காரமாம். செசிலி என்ற பெயர் வருகைப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது.

ஹாலிஎலயில் பஸ் ஏறி, தோட்டச் சந்தியில் இறங்கி, தேயிலைக்குள் மூச்சு வாங்க ஏறினால் எங்கள் பள்ளிக்கூடம் வரும். தரம் பதினொன்று வரை உண்டு. கணிதத்துக்கு நான் ஒருத்திதான். ஓஎல் பரீட்சையில் எங்கள் பிள்ளைகளைக் கவிழ்ப்பது எப்போதும் கணிதம்தான். கவிழ்ந்த பிள்ளை அடுத்த மாதமே கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் சாமான் தூக்கிக்கொண்டிருக்கும். அதனால் யாராவது புதிதாக ஒரு வழி சொன்னால், பிடித்துக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன்.

அந்த வழியைச் சொன்னவர் புஹாரி சேர். எங்கள் கல்வி வலயத்தில் கணிதத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர், வெலிமடைக்காரர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றுதான் பேச்சைத் தொடங்கினார். கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும், விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது, பிள்ளை அளக்கட்டும், பிழை விடட்டும், திரும்ப அளக்கட்டும் என்றார். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. நான் அதை அப்படியே நம்பித் தொலைத்தேன்.

தரம் பத்துக்குப் பைதகரசின் தேற்றம். கரும்பலகையில் முக்கோணம் கீறினால் அதை அழகாகப் பார்த்துக் கீறுவார்கள். செம்பக்கத்தின் வர்க்கம் என்று தொடங்கினால் கோயிலில் தேவாரம் மாதிரி மீதியைப் பாடிவிடுவார்கள். ஆனால் கணக்கு ஒன்றும் வராது. எனவே வகுப்பைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு கயிறு, நூலில் கட்டிய ஒரு கல், மேசன்மார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் கண்ணாடிக் குழாய், இவ்வளவுதான் சாமான். மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி நட்டோம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

முதலில் கயிற்றை மண்ணில் போட்டு அளந்தார்கள். அடுத்ததாக, கயிறு மண்ணைத் தொடக்கூடாது, மட்டமாகப் பிடித்து அளங்கள் என்றேன். கயிற்றின் ஒரு முனை மேல்மண்ணில், மறுமுனை ஆகாயத்தில். குழாய்த் தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக நின்றதும், ஆகாயத்து முனையிலிருந்து கல்லைத் தொங்கவிட்டு, கல் தொட்ட இடத்தில் அடையாளம் வைத்து, அங்கிருந்து அடுத்த எட்டு. படிப்படியாகக் கீழே இறங்கி, எல்லாவற்றையும் கூட்டினால் தூரம் குறைந்துவிட்டது. வகுப்பே சண்டையில் இறங்கியது. கயிறு சுருங்கிவிட்டது என்றது ஒரு கூட்டம், முனையைப் பிடித்த நிலக்ஷனா ஒழுங்காக இழுத்துப் பிடிக்கவில்லை என்றது இன்னொரு கூட்டம். திரும்ப அளந்தார்கள். திரும்பவும் குறைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு அவர்களே கண்டுபிடித்தார்கள். மண்ணில் கிடந்த கயிற்றுக்குப் படுத்த கயிறு என்றும், தூக்கிப் பிடித்ததற்கு மட்டக் கயிறு என்றும் பெயர் வைத்தார்கள். கல் இறங்கிய உயரங்களைக் கூட்டி, அதன் வர்க்கத்தை மட்டக் கயிற்றின் வர்க்கத்தோடு கூட்டிப் பார்த்தபோது, படுத்த கயிற்றின் வர்க்கம் கிட்டத்தட்ட வந்து நின்றது. பின்வரிசையில் ஒருநாளும் வாய் திறக்காதவர்கள்கூடக் கத்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க இரண்டு பேரைத் திட்டினேன்.

அப்போதுதான் விதுஷா கேட்டாள். தோட்டத்தின் மேல்பிரிவில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் கருப்பம்மாவின் மகள். கேட்டால்தான் பதில் சொல்லுவாள், அதையும் பாதியில் விழுங்கிவிடுவாள்.

"டீச்சர், எங்க காணிய எந்தக் கயித்துல அளந்தாங்க?"

மேல்பிரிவில் லயம் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த வருடம் தலைக்கட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் ஒரு வீடும் என்று அறிவித்திருந்தார்கள். மூன்று நான்கு தலைமுறையாக ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, அதிலேயே பிள்ளை பெற்று, அதிலிருந்தே பாடையில் போனவர்களுக்கு முதன்முதலாகச் சொந்த மண். தேயிலை மலை ஒன்றின் ஓரத்தில் இரண்டு வரிசையாக முளையடித்திருந்தார்கள். கருப்பம்மாவுக்கு விழுந்தது மேல் வரிசையில். சர்வேயர் பிறகு வந்து படம் கீறுவார், இப்போதைக்கு இதுதான் எல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தோம். அகலம் முப்பத்தெட்டு அடி. அது சரிவுக்குக் குறுக்கே போவதால் எந்தக் கயிற்றிலும் மாறவில்லை. நீளம் படுத்த கயிற்றில் ஐம்பது அடி; ஒரு பேர்ச்சஸ் இருநூற்று எழுபத்திரண்டு சதுர அடி, ஆக ஏழு பேர்ச்சசுக்குச் சரி. மட்டக் கயிற்றில் அதே நீளம் நாற்பத்து மூன்று அடிதான். அப்படிப் பார்த்தால் காணி ஆறு பேர்ச்சஸ். வீடு என்ன, சரிவில் படுத்தா தூங்கும்? மண்ணை வெட்டி மட்டமாக்கித்தான் கட்ட வேண்டும். மட்டமாக்கினால் கிடைப்பது நாற்பத்து மூன்று. முன்னால் பாதைக்கு இடம் விட வேண்டும், பின்னால் வெட்டிய மண்மேட்டிலிருந்து சுவர் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து மழையில் மண்மேட்டை ஒட்டி வீடு கட்டுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். இவ்வளவும் போக, ஏழு அடி குறைந்தால் வீட்டில் எதையோ வெட்ட வேண்டி வரும். அதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

முளையடித்தவர் பிலிப்பு கண்டக்டர். மலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு மேலாக இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எனக்கு முன் வாங்குப் பலகையில் உட்காருவார், அங்கே எனக்கு அவர் அண்ணன். அவர் மேல் எனக்கு அன்றைக்குக் கோபமில்லை, இதை நான் கர்த்தர் முன்னால் சொல்லுவேன். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். கவ்வாத்து வெட்டுக்கு, புல்வெட்டுக்கு ஆளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும்போது கயிற்றை மண்ணில் போட்டுத்தான் இழுப்பார்கள். தேயிலைச் செடி மண்ணின் மேல் நிற்கிறது, ஆள் மண்ணின் மேல் நடந்து வெட்டுகிறான், எனவே அந்த வேலைக்கு அதுதான் நியாயமான அளவு. வாழ்நாள் முழுக்க அப்படி அளந்த கை, வீட்டுக் காணிக்கும் அதையே செய்துவிட்டது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் பிழை வராது. எங்களுக்குத்தான் வரும்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் வெளுத்தது. சரி, மனிதர் திருத்திவிடுவார் என்று நினைத்தேன். அவரோ வாசலில் நின்றவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். முளையை மேலே தள்ளினால் ஒவ்வொரு காணிக்கும் இரண்டு வரிசைத் தேயிலை கம்பெனியிடமிருந்து போகும், தோட்டத்தை நடத்துகிற துரை ஒத்துக்கொள்ள மாட்டார், அடிக்கல் நாட்ட ஆள் வரும் திகதியும் குறித்தாயிற்று என்றார்.

"சொல்றத சொல்லிட்டீங்க தங்கச்சி. இதோட விட்ருங்க."

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்த பிறகு முளையை அங்கேயே விட்டால் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரைக் கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட அதிபர் சதீஸ்குமார் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இளையவர், படித்தவர், யாருடைய காலையும் மிதித்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவர். பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கவும் கூரைத் தகடு மாற்றவும் தோட்டத்திடம்தான் கை நீட்ட வேண்டும், அது உண்மை. அனுமதி இல்லாமல் பிள்ளைகளைத் தோட்டக் காணிக்குள் கொண்டுபோனது பிழை, பாடத்திட்டம் இன்னும் முடியவில்லை, ஆசிரியர் அரசியல் செய்யக் கூடாது என்று அடுக்கினார். பைதகரஸ் எந்தக் கட்சி என்று கேட்டேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டி வரும் என்றார். கேளுங்கள், எழுத்தில் தருகிறேன், படமும் கீறித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. வலய மட்டத்தில் கணிதக் கண்காட்சி வந்தது. களிமண்ணும் வெள்ளை ரெஜிபோம் அட்டையும் வைத்து அந்த மலையையே செய்தார்கள். சின்னச் சின்ன முளைகள், சிவப்பு நூலில் படுத்த கயிறு, நீல நூலில் மட்டக் கயிறு. பெயர்ப்பலகையை விதுஷா தன் கையால் எழுதினாள்: எங்கள் காணி.

கண்காட்சிக்கு முன்பு பார்க்க வந்த புஹாரி சேர், குனிந்து பார்த்துவிட்டு அருமை அருமை என்றார். இப்படி ஒன்று மாகாணத்திலேயே இல்லை என்றார். பிறகு அதிபரோடு உள்ளே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தார். வெளியே வந்தவர் வேறு ஆள். முளைகளைப் பிடுங்கிவிடலாம், பெயரையும் மாற்றி "ஒரு சாய்தளம்" என்று போட்டால் போதும், கணிதம் பொதுவானதுதானே என்றார்.

நான் கேட்டேன். "கேள்வி பிள்ளையோட வாயிலருந்து வரணும்னு நீங்கதானே சேர் சொன்னீங்க?"

"வகுப்பறைக்குள்ள வர்ற கேள்விய சொன்னேன் டீச்சர்."

அந்த மனிதர் இதைக் கூசாமல் சொன்னார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு இனிமையாக ஆட்டுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெயரை மாற்றாவிட்டால் மாதிரியை அனுப்ப முடியாது என்றார்கள். வேண்டாம், அனுப்பாதீர்கள் என்று நான் கத்தினேன். விதுஷாதான் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டாள்.

"ஒரு சாய்தளம்" முதலாம் இடம் பெற்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததற்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு அதிபர் தன் அறையில் மாட்டினார். கண்காட்சியில் விதுஷா வந்தவர் போனவருக்கெல்லாம், இது ஒரு சாய்தளம், இதன் செம்பக்கம் இது என்று காலையிலிருந்து பின்னேரம் வரை விளக்கம் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் வந்து உட்காரவில்லை.

அடுத்த வாரம் கருப்பம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கொழுந்து நிறுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து, வகுப்பு வாசலில் நின்றாள். மேல் வரிசை ஆட்கள் சத்தம் போட்டால் பெயரை வெட்டிவிட்டு அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்போம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி கேட்டது அவளுடைய மகள் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். தனக்கு ஆறு பேர்ச்சஸ் போதும், இனிமேல் மகளை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று என்னைக் கும்பிட்டாள்.

கும்பிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. துரையிடம் கத்த வேண்டியதை, அதிபரிடம் கத்த வேண்டியதை, எல்லாவற்றையும் சேர்த்து அந்த மனுஷியிடம் கத்தினேன். ஏழு தருகிறோம் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டு ஆறைத் தருகிறான், நீங்கள் அதையும் கும்பிட்டு வாங்குங்கள், உங்கள் பிள்ளைக்கு இருக்கும் ரோஷத்தில் பாதி உங்களுக்கு இருந்திருந்தால் நாம் ஏன் இப்படி இருக்கப்போகிறோம் என்றெல்லாம் கேட்டேன். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. விதுஷா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். கருப்பம்மா நான் முடிக்கும்வரை நின்றாள்.

"கோவப்படவும் எடம் வேணும் டீச்சர். ஒங்களுக்கு ஹாலிஎலயில வீடு இருக்கு. நாங்க ஒரு காம்பராவுல ஏழு பேரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் அவள் சொன்னதற்கு அது பதில் இல்லை. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். கரும்பலகையில் முக்கோணம் கீறினேன், பிள்ளைகள் பார்த்துக் கீறினார்கள், அதிபர் வராந்தாவில் திருப்தியோடு நடந்தார்.

அடிக்கல் நாட்டு விழா மேளதாளத்தோடு நடந்தது. கல்லை மேல் வரிசையிலா நாட்டுவார்கள்? நிலம் ஓரளவு மட்டமாக இருக்கும் கீழ் வரிசையில், வெள்ளை வேட்டி அழுக்காகாத இடத்தில் நாட்டினார்கள். பிறகு பெக்கோ மெஷின் வந்து மேல் வரிசையில் மண்ணை வெட்டியது. வெட்டிய மண்மேடு ஒவ்வொரு காணியின் பின்னாலும் ஆள் உயரத்துக்கு மேல் சிவப்பாக நின்றது. நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். ஆனாலும் என் பஸ் அந்த வளைவில்தான் திரும்பும்.

ஒரு நாள் மூன்றாம் பாடவேளை. விதுஷா அன்றைக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் சமன்பாடு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது, பாவாடையெல்லாம் செம்மண்ணாக வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு திணறியது.

"டீச்சர், மேசன் பாஸ் நூலு போட்டுட்டாரு. எங்களுக்குக் குசினி இல்ல."

சோக்கை வைத்துவிட்டு இறங்கினேன். எங்கே போகிறீர்கள் என்று அதிபர் பின்னாலிருந்து கூப்பிட்டார். சாய்தளம் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீடுகளைக் கட்ட வந்திருந்த மேசன் ஜொனி பாஸ், பெரகல பக்கத்து ஆள். பிளானை ஒரு கல்லின் மேல் விரித்து, நான்கு பக்கமும் குச்சி நட்டு, அத்திவாரத்துக்கு நூல் இழுத்திருந்தார். மேசன் நூல் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும், அது மண்ணில் படுக்காது. முன்னறை நூலுக்குள் வந்துவிட்டது. படுக்கையறை இரண்டும் வந்துவிட்டன. சமையலுக்கான குசினியின் நூலை இழுத்தபோது அது நேராகப் போய் மண்மேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. பாஸ் வேலையை நிறுத்திவிட்டுப் பிலிப்பு கண்டக்டரைக் கூப்பிட்டிருந்தார். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மேல் வரிசைப் பெண்கள் தேயிலைக்குள் நின்றபடியே எட்டிப் பார்த்தார்கள். கருப்பம்மா மட்டும் முதுகில் கொழுந்துச் சாக்கோடு கீழே இறங்கி வந்து நூல் பக்கத்தில் நின்றாள்.

கண்டக்டர் என்னைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டார். பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குசினியை விட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டச் சொன்னார். பிறகு கருப்பம்மாவிடம், ஏதோ தயவு செய்கிற குரலில் சொன்னார்.

"அடுப்ப இஸ்தோப்புல வச்சிக்க கருப்பம்மா. லயத்துல இவ்வளவு காலமும் அப்படித்தானே பொங்குனீங்க."

இதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. லயத்தில் காம்பராவுக்கு வெளியே இருக்கும் அந்த ஒடுங்கிய இஸ்தோப்பில், ஒரு மூலையில் விறகு, ஒரு மூலையில் அடுப்பு, நடுவில் படிக்கிற பிள்ளை. மழைக்காலத்தில் சாரல் சோற்றுப் பானைக்குள் விழும். புகை காம்பராவுக்குள் போய் எல்லோரையும் இருமவைக்கும். எனக்கு வாயில் வசவு வந்துவிட்டது. ஆனால் கருப்பம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன்.

அவள் மண்மேட்டில் முட்டி நின்ற நூலையே பார்த்தாள். பிறகு மகளிடம் எவ்வளவு குறைகிறது என்று கேட்டாள். ஏழடி என்றாள் விதுஷா. அன்றைக்கு நீங்கள் அளந்தபோதே இது தெரியுமா என்று கேட்டாள். தெரியும், வீட்டுக்கு வந்து சொன்னேன், நீதான் அடித்தாய் என்றாள் விதுஷா. தாய்க்காரி சாக்கை இறக்கிக் கீழே வைத்தாள்.

மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினாள். விளிம்பில் நின்ற எல்லை முளையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் போனாள். கண்டக்டர் கீழே இருந்து ஏய், ஏய் என்றார். விதுஷா, ஜொனி பாஸின் நூற்கட்டைக்குப் பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்துக்கொண்டு தாயின் பின்னால் ஏறினாள். கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு. நானும் ஏறினேன்.

விதுஷா மேல்முனையைச் செடிக்குள் மண்ணில் அழுத்திப் பிடித்தாள். நான் கீழ்முனையோடு, முளை பிடுங்கிய குழிக்கு நேரே நின்றேன். அவசரத்தில் கயிறு தொய்ந்து மண்ணில் பட்டுவிட்டது.

"படுக்க வைக்காதீங்க டீச்சர். தூக்கிப் புடிங்க."

வகுப்பில் என்னிடம் பாதி வசனம் பேசப் பயந்தவள் அதட்டுகிறாள். தூக்கிப் பிடித்தேன். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன், கல் குழிக்குள் நேராக இறங்கியது. ஏழடி முடிந்த இடம் இரண்டு வரிசைத் தேயிலையைத் தாண்டி இருந்தது. கருப்பம்மா அங்கே முளையை வைத்து, கையில் அகப்பட்ட ஒரு கல்லால் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் செடிகளில் இருந்த தண்ணீர் சிதறியது. தினமும் அதே செடிகளில் கொழுந்து கிள்ளியவள், அவற்றை ஒருமுறைகூட மிதிக்காமல்தான் முளையை அடித்தாள்.

கண்டக்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். இது கம்பெனித் தேயிலை, எல்லையைப் பிடுங்கினால் போலீசுக்குப் போகும், துரை வந்தால் என் வேலையும் போகும் உன் வேலையும் போகும் என்றார். கடைசியாக, பெயர் லிஸ்ட்டில் இருக்காது என்று அந்தப் பழைய ஆயுதத்தையும் எடுத்தார். கருப்பம்மா நிமிர்ந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"வெட்டுங்க ஐயா. எம் பேர வெட்டிட்டு, குசினி இல்லாத வீடு யாருக்கு வேணும்னு இந்தப் பொம்பளைங்ககிட்ட நீங்களே கேளுங்க."

அவர் தேயிலைக்குள் நின்ற பெண்களைப் பார்த்தார். மேல் வரிசைக் காணி எல்லாம் அவர்களுடையது. எல்லாக் காணியிலும் அதே மண்மேடு, எல்லாப் பிளானிலும் அதே குசினி. ஒருத்தியும் கொழுந்து எடுக்கவில்லை.

கீழே ஜொனி பாஸ் இவ்வளவு நேரமும் பீடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் காதில் சொருகிவிட்டு நூற்கட்டையை எடுத்தார். எந்த முளையில் கட்டுவது என்று கருப்பம்மாவிடம் கேட்டார். அவள் புதிய முளையைக் காட்டினாள். ஜொனி, கட்டாதே என்றார் கண்டக்டர்.

"பிளான்ல குசினி இருக்குங்க ஐயா. குசினி இல்லாத வீட்ட முடிச்சிட்டேன்னு நான் கையெழுத்துப் போட ஏலாது."

சொல்லிக்கொண்டே ஏறி வந்து, நூலைப் புதிய முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். பெக்கோவைத் திரும்பக் கூப்பிட்டுக் கொஞ்சம் மண் எடுக்க வேண்டி வரும், அந்தச் செலவைத் தோட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பிலிப்பு அண்ணன் தேயிலைக்கு நடுவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.

என் கைபேசி அடித்தது. அதிபரின் பெயர் தெரிந்தது. அது நின்று திரும்பவும் அடித்தது. அதற்குள் பக்கத்துக் காணிக்காரி செடிகளை விலக்கிக்கொண்டு இறங்கி வந்து, தன் முளையைப் பிடுங்கித் தோளில் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் முளையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கயித்த இங்க கொண்டா புள்ள," என்று பக்கத்துக் காணிக்காரி விதுஷாவைக் கூப்பிட்டாள். "டீச்சரையும் கூட்டியா. மட்டமா புடிக்கச் சொல்லு."

இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்ததால் நான் கைபேசியை எடுக்கவில்லை.